கப்பலேறிய மத்தியானங்கள்

தா மாய் ஊரின் மத்தியானம் முதன்முதலாகச் சீனத்துக்குக் கப்பலேறியது, முள்தோல் பழமான டுரியானின் விளைச்சல் அமோகமாக இருந்த வருடத்தில், ஒரு வியாழக்கிழமை. காலையில் கஞ்சி குடித்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. அதற்கடுத்து நினைவிருந்தது, சியா ஹெங்கின் பழக்கொட்டகையில் கண்டெய்னர் கதவைச் சாத்தி முத்திரை போட்ட சத்தமும் மேற்கே சிவந்து கிடந்த வானமும்தான். நடுவில் ஒன்றுமில்லை. தட்டுகளில் பாதி தின்ற சோறு காய்ந்திருந்தது. முடிதிருத்தும் கடை நாற்காலியில் ஒருவர் அழகாக முடி வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெட்டியவருக்கும் நினைவில்லை, வெட்டிக்கொண்டவருக்கும் நினைவில்லை. நூடுல்ஸ் கடைக்காரியும் பக்கத்துப் பப்பாளிக் கடைக்காரியும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். எதற்காகச் சண்டை போட்டோம் என்று இருவருக்குமே தெரியவில்லை, இருந்தாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா, மாதக் கணக்கில் பேசிக்கொள்ளவில்லை. கோயில் பிக்குகளுக்கு மட்டும் பெரிய இழப்பில்லை. உச்சிக்குப் பிறகு அவர்கள் எப்படியும் எதுவும் சாப்பிடுவதில்லை.

காரணம் எளிது. அவ்வளவு எளிதாக இருந்ததால் யாருக்கும் அது பிடிக்கவில்லை. குளிர்க் கண்டெய்னரில் சரக்கு ஏற்றும்போது இயந்திரத்தை அணைத்துவிட வேண்டும். பழத்தை அடுக்கி, கதவைச் சாத்தி, பிறகுதான் ஓடவிட வேண்டும். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஓடவிட்டால் வெளியே உள்ள வெக்கையை அது உள்ளே இழுக்கும். கப்பல் கம்பெனியிலிருந்து வரும் மெக்கானிக் ஒவ்வொரு பருவத்திலும் இதைச் சொல்லிவிட்டு, ஒரு பழம் தின்றுவிட்டுப் போவார். சியா ஹெங் கேட்டதில்லை. சியா என்றால் எங்கள் பக்கத்தில் பெரிய கையான சீன முதலாளிக்குக் கொடுக்கும் மரியாதை. கொடுப்பதற்கு அதிகம் நீளாத கை என்றாலும் மரியாதை மரியாதைதான். "மிஷினை அணைச்சா பழம் வெந்துரும்யா. நான் பழம் விக்கிறேனா, பாயசம் விக்கிறேனா?" என்று அவர் மெக்கானிக்கைத் திருப்பிக் கேட்பார். அந்த வருடம் லாரிகள் கோயில் வாசல் வரை வரிசை கட்டி நின்றன. கதவு திறந்தே கிடந்தது, இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அது முதலில் வெக்கையை இழுத்தது, பிறகு ஈரத்தை இழுத்தது. அவை தீர்ந்த பிறகு அவை எதன் மேல் உட்கார்ந்திருந்தனவோ அந்த மத்தியானத்தையும் இழுத்துக்கொண்டது.

இது எங்களுக்குத் தெரியவந்தது சீனத்தில் குவாங்சோ மொத்தச் சந்தையில் எங்கள் பழத்தை இறக்கும் லியாங் மூலமாக. அவரும் சியாவும் தாத்தாக்கள் காலத்துச் சீனப் பேச்சான தியோசூவில் பேசிக்கொள்வார்கள். இருவரும் போனில் கத்துவதால் கொட்டகை முழுக்கக் கேட்கும், கேட்டுக் கேட்டு எங்களுக்கும் அர்த்தமாகும்.

"ஹெங் அண்ணே, பெட்டியைத் திறந்தா உள்ள வெயில் அடிக்குது."

"பழம் எப்படி?"

"பழத்துக்கு ஒண்ணுமில்லை. இங்க விடியக்காலம், மழை கொட்டுது. உங்க பெட்டியிலேருந்து வெயில் கொட்டுது. என் ஆளுங்க சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு உக்காந்துட்டானுங்க. யாரோ ஒரு பொம்பளை மீன்சாறு பாட்டில் எங்கேன்னு கத்துறா. யாருண்ணே அது?"

"எங்க சமையல்காரி. கண்டுக்காத, அவ அப்படித்தான்."

வெயில் வந்ததற்காக விலையில் குறைக்க வேண்டும் என்றார் லியாங். மழைக்காலத்தில் வெயில் அனுப்பியதற்குத் தனியாகப் போட்டுத் தர வேண்டும் என்றார் சியா. அரை மணி நேரம் ஒருவரையொருவர் திருடன் என்று சொல்லிக்கொண்டபின், இரண்டும் வேண்டாம், இருப்பதே இருக்கட்டும் என்று முடிவானது. எங்கள் ஊரில் அறுபது வருடமாக எல்லா முடிவுகளும் இப்படித்தான் ஆகின்றன.

ஒரே ஒரு நாள், கோயில் பெரியவர் சொல்லியனுப்பியதால், இயந்திரத்தை அணைத்துவிட்டு ஏற்றிப் பார்த்தார்கள். மத்தியானம் ஊரிலேயே தங்கிவிட்டது. வாரக்கணக்காக மத்தியானத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் திண்டாடினார்கள். இவ்வளவு நீளமா இது என்று ஆளுக்காள் கேட்டார்கள். ஈ மொய்த்தது, முதுகு வலித்தது, மூன்று இடத்தில் அடிதடி நடந்தது, பழமும் போய்ச் சேர்வதற்குள் வெடித்துவிட்டது. மறுநாள் யாரும் சொல்லாமலே யாரோ இயந்திரத்தைப் போட்டுவிட்டார்கள். சுமை தூக்குபவர்கள் கணக்கு வேறு: காலையில் வந்தால் உடனே சாயங்காலம், கையில் கூலி, எப்படி உழைத்தோம் என்ற நினைப்பே இல்லை, இதைவிடச் சுகம் என்ன இருக்கிறது? இழந்தவர்களும் இருந்தார்கள். சமையல்காரியின் பேரப்பிள்ளை முதன்முதலாக எழுந்து நடந்தது ஒரு மத்தியானத்தில். அந்த நடையைக் குவாங்சோவின் மூட்டைக்காரர்கள்தான் கேட்டார்கள், கை தட்டினார்களாம். சமையல்காரி அன்று முழுக்கப் பேசவில்லை. ஊருக்கு அது ஒரு புதிய அனுபவம்.

இந்த நிலவரத்தில்தான் ஜிந்தாவின் விஷயம் வந்தது. ஜிந்தா கொட்டகையில் பழம் தட்டுபவள். டுரியானை வெளியிலிருந்து பார்த்து எதுவும் சொல்ல முடியாது. சிறு கோலால் தட்டி, அது கொடுக்கும் சத்தத்தை வைத்துத்தான் முற்றியதா இளங்காயா என்று பிரிக்க வேண்டும். இளங்காய் கப்பலேறினால் எத்தனை நாள் வைத்தாலும் பழுக்காது, மரக்கட்டை மாதிரி கிடக்கும். தட்டிப் பார்த்துத் தேறிய பழத்தின் காம்பில் ஒவ்வொரு தட்டுக்காரியும் தன் நிறத்து நாரைக் கட்டுவாள். ஜிந்தாவுடையது நீலம். பதினெட்டு வருடம் நீல நாரைப் பார்த்தால் லியாங் பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்குவார். இந்த வருடத்துக்கு முந்தைய பருவத்தின் கடைசியில், நீல நார் கட்டிய ஒரு பெட்டிப் பழத்தில் பாதி இளங்காயாக இருந்துவிட்டது. சியா அவளைத் தட்டும் இடத்திலிருந்து எடுத்துப் பழம் கழுவும் இடத்தில் போட்டார். ஊர் அவளுக்கு இளங்காய் என்று பெயர் வைத்தது. இந்தப் பருவத்தில் ஆள் பற்றாக்குறையால் மறுபடி கோலைக் கையில் கொடுத்தார்கள், ஆனாலும் பெயர் போகவில்லை. அதைவிட மோசம், அவளுக்கே தன் காதின் மேல் நம்பிக்கை போய்விட்டது. ஒரு முறை தட்டிய பழத்தை மூன்று முறை தட்டினாள். வீட்டில் பானையைத் தட்டினாள், கதவைத் தட்டினாள். எல்லாமே இளசாக ஒலிப்பதாகத் தங்கையிடம் சொல்லி அழுதாளாம். கணவன் தைவானுக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டபோதுகூட அவள் அப்படி அழுததில்லை.

சக்டா சாக்கு பிடிப்பவன். மரத்தின் மேலிருந்து ஒருவன் காம்பை வெட்டிப் பழத்தைப் போடுவான். கீழே நிற்பவன் நனைத்த கோணிச் சாக்கை விரித்து, முள்ளோடு விழும் பழத்தை அந்தரத்திலேயே சுருட்டிப் பிடிக்க வேண்டும். நாற்பது வயதில் அவன் கையிலிருந்து ஒரு பழமும் தரையில் விழுந்ததில்லை. வாய் அப்படியில்லை, ஜிந்தா எதிரில் வந்தால் பேச நினைத்ததெல்லாம் தரையில் விழுந்து உருளும். காலையில் அவன் தோப்பில் இருப்பான். சாயங்காலம் அவள் தங்கை கணவரின் வண்டியில் ஊர்க்கோடிக்குப் போய்விடுவாள். அவன் லாரியோடு கொட்டகைக்கு வருவது மத்தியானத்தில் மட்டும்தான். ஆகவே ஒவ்வொரு நாள் காலையிலும் இன்றைக்குக் கல்யாணத்துக்குக் கேட்டுவிடுவேன் என்று கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டு லாரி ஏறுவான். ஒவ்வொரு நாள் சாயங்காலமும், இன்றைக்கும் துணிச்சல் வரவில்லை போலிருக்கிறது என்று தலையைக் குனிந்துகொண்டு இறங்குவான்.

பருவம் முடிய இருந்த சமயத்தில் அவன் சந்தாபுரிப் பட்டணத்துக்குப் போய் ஒரு மோதிரம் வாங்கினான். மறுநாள் காலை அதைத் தோப்பு முழுக்கக் காட்டினான். சாயங்காலம் கண்டெய்னர் கதவு சாத்தப்பட்டு எல்லோருக்கும் நினைவு திரும்பியபோது கண்ட காட்சி இது. சக்டா கதவருகே நின்றிருந்தான். அவன் இடது கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. வலது கன்னத்தில் முகப்பவுடர் ஒட்டியிருந்தது. எங்கள் பெண்கள் முகத்தில் அப்புவார்களே, அந்த வெள்ளைப் பவுடர். ஒரு கன்னம் இன்னொரு கன்னத்தோடு உரசி, மூக்கால் முகர்ந்து முத்தம் கொடுத்தாலொழிய அது இடம் மாறாது. ஜிந்தா பக்கத்தில் நின்றிருந்தாள். அவளுடைய வலது உள்ளங்கை சிவந்திருந்தது, வலது கன்னத்தில் பவுடர் கலைந்திருந்தது. நாற்பது பேர் சுற்றி நின்றார்கள், பாதிப்பேர் பல் இளித்தபடி, பாதிப்பேர் கண்ணைத் துடைத்தபடி. நடுவில் ஒரு முதல் தரப் பழம் பிளக்கப்பட்டிருந்தது. சியா ஹெங் தன் கையால் அதை எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இலவசமாகக் கொடுக்கிறோம் என்று உணர்ந்த கணத்தில் அவர் கை அப்படியே நின்றது. மோதிரம் மட்டும் அவன் பையிலும் இல்லை, அவள் விரலிலும் இல்லை.

"என்னடா ஆச்சு?" என்றார் சியா.

"தெரியலையே சியா."

"கேட்டியா, கேக்கலையா?"

"கன்னத்தைப் பாத்தா கேட்ட மாதிரிதான் இருக்கு."

"எந்தக் கன்னத்தைப் பாத்து?" என்றாள் சமையல்காரி. "முதல்ல அறையா, முதல்ல முத்தமா? அது தெரியாம எப்படி முடிவு பண்றது? அறைஞ்சிட்டு முத்தம் கொடுத்தா கல்யாணம். முத்தம் கொடுத்துட்டு அறைஞ்சா போலீஸ்."

சக்டா மறுபடி கேட்டால் போயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவன் கேட்கவும் கேட்டான், அன்று அந்தியிலேயே, அத்தனை பேர் முன்னால், அவளுடைய வண்டியை மறித்து. ஜிந்தா முடியாது என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "நான் காரணம் இல்லாம யாரையும் அடிக்கிறவ இல்லை. நீ என்னத்தையோ சொல்லியிருக்க. அது என்னன்னு தெரியாம நான் எதுக்குத் தலையாட்டுறது? என்ன சொன்ன?" என்று கேட்டாள். சக்டா வாயைத் திறந்தான், மூடினான். அவனுக்கிருந்த சங்கடம் பிற்பாடுதான் எங்களுக்குப் புரிந்தது. அறை வாங்கும் தகுதியுள்ள விஷயங்கள் அவனிடம் ஒன்றுக்கு மேல் இருந்தன. தெற்கே சும்போனில் ஒருத்திக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் பந்தல் போடும் முன் ஓடி வந்தது ஒன்று. ஜிந்தா சமைத்துக் கொடுத்த இறால் விழுது சாதத்தை இரண்டு வருடமாக லாரிக்காரனின் நாய்க்குப் போட்டுவந்தது ஒன்று. இன்னும் ஒன்று இருந்தது. தப்பானதற்கு மன்னிப்புக் கேட்டால் அவளுக்குத் தெரியாத இன்னொன்றைத் தானே அவிழ்த்துவிட்டதாகும். வியாபாரத்தில் இதைப் பார்த்திருக்கிறேன்: வாங்குபவன் எந்த ஓட்டையைக் கண்டுபிடித்தான் என்று தெரியாதவரை விற்பவன் எந்த ஓட்டையையும் அடைக்கக் கூடாது. அவன் அடைக்கவில்லை. அவள் வண்டி போய்விட்டது.

கிழக்குப் பருவம் முடிந்தால் சாக்குக்காரர்களும் வெட்டுக்காரர்களும் தெற்கே சும்போனுக்கு லாரி ஏறிவிடுவார்கள். அங்கே பழம் அப்போதுதான் முற்றும். இந்த முறை பதில் தெரியாமல் போனால் தா மாய்ப் பக்கம் இனித் தலைவைக்க மாட்டேன் என்று சக்டா சொல்லிவிட்டான். அவன் போய்விட்டால் என் கை எதற்குச் சிவந்தது என்று சாகும்வரை தெரியாமலே போய்விடும் என்று ஜிந்தா தங்கையிடம் சொன்னாள். அந்த மத்தியானமோ அதற்குள் லேம் சபாங் துறைமுகத்தில் கப்பலேறி, இறைச்சிப் பெட்டிகளுக்கும் இறால் பெட்டிகளுக்கும் நடுவே மின்சாரத்தில் செருகப்பட்டு, நடுக்கடலில் பதினான்கு டிகிரியில் பத்திரமாக இருந்தது. ஊரில் இரண்டு கட்சி உண்டானது. அறைக் கட்சி, பவுடர்க் கட்சி. சியா இரண்டு பக்கமும் தலையாட்டினார். முதல் தரப் பழம் ஒன்று அநியாயமாகப் போன கவலையில் அவருக்கு நியாயம் யோசிக்க நேரமில்லை.

கடைசியில் சியாவே லியாங்குக்குப் போன் போட்டார். போட்டது சாயங்காலத்தில், முக்கியமானதையெல்லாம் நாங்கள் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். வரப்போகும் பெட்டியில் ஒரு ஆள் ஒரு பெண்ணிடம் கல்யாணத்துக்குக் கேட்பான், அவள் என்ன சொன்னாள் என்று மட்டும் கேட்டுச் சொல் என்றார். மறுமுனையில் லியாங் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

"அந்த ஆளா? எந்தப் பெட்டியில வேணும் அண்ணே? அவன் எல்லாப் பெட்டியிலயும் கேக்கிறானே!"

கொட்டகையே சக்டாவைத் திரும்பிப் பார்த்தது. மானம் கப்பலேறிவிட்டது என்று பேச்சுக்குச் சொல்வார்கள். சக்டாவின் மானம் பருவம் முழுக்க, சரக்குக் கட்டணம் செலுத்தப்பட்டு, தவறாமல் ஏறியிருக்கிறது. லியாங்கிடம் வெய் என்று ஒரு மூட்டைக்காரி இருந்தாள். குவாங்சி மலைப்பக்கத்து ஜுவாங் இனத்துப் பெண். அவர்கள் பேச்சும் எங்கள் பேச்சும் ஏதோ ஒரு காலத்தில் ஒரே வீட்டிலிருந்து பாகம் பிரிந்தவை, காதைத் தீட்டினால் பாதி புரியும். போனை அவளிடம் கொடுத்தார்கள். அவள் வெட்கப்படவேயில்லை.

"ஆரஞ்சு ஸ்டிக்கர் பெட்டியில அந்தம்மா 'போய் வேலையைப் பாரு'ன்னுச்சு. அடுத்ததுல சிரிச்சுச்சு, பதிலே சொல்லல. மழை பெஞ்ச பெட்டியில யோசிக்கிறேன்னுச்சு. ஒண்ணுல சரின்னு சொல்லிட்டு, கதவு சாத்தறதுக்குள்ள வேண்டாம்னு மாத்திக்கிச்சு. இன்னொண்ணுல மிஷின் கெட்டு மத்தியானமே ஊசிப் போச்சு, ஈச் சத்தந்தான். நாங்க இங்க தினம் பந்தயம் கட்டுறோம். ஏங்க, அந்தாளு என்ன அவ்வளவு மோசமா?"

"அவ்வளவு மோசமில்ல" என்றது ஜிந்தாவின் குரல். தான் பேசியதை உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

சக்டா ஒரு பழக்கூடை மேல் உட்கார்ந்துவிட்டான். தினமும் துணிச்சல் வரவில்லை என்று வெட்கப்பட்டவன், தினமும் துணிந்திருக்கிறான் என்று தெரிந்து, எதற்கு வெட்கப்படுவது என்று புரியாமல் விழித்தான். ஜிந்தாவுக்கு வேறு குழப்பம். ஒரே கேள்விக்கு இத்தனை பதில் சொன்னவளில் நான் யார் என்று அவள் சமையல்காரியைக் கேட்டாள். "எல்லாரும் நீதான்டி. எனக்குச் சம்பாத்தியம் பண்ணாத மூணு மருமக இருக்காளுக, அவளுகளைக் கேட்டா நானே நாலு ஆளும்பாளுக" என்று சமையல்காரி ஆறுதல் சொன்னாள்.

அந்த மத்தியானம் இருந்த பெட்டி குவாங்சோ வந்து சேர்ந்தது. சந்தையின் வழக்கப்படி விடியலில் திறக்காமல், எங்களுக்காக அந்தியில் திறக்க லியாங் ஒப்புக்கொண்டார். கொட்டகையில் மேசை மேல் போனை வைத்து, கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. அறைக் கட்சி இடது பக்கம், பவுடர்க் கட்சி வலது பக்கம். சும்போன் லாரி மறுநாள் காலை கிளம்பவிருந்தது. இரும்புத் தாழ் விலகும் சத்தம் கேட்டது. உடனே போனிலிருந்து எங்கள் வெக்கை மெல்லக் கசிந்தது. மேசையில் இருந்த பனிக்கட்டித் தண்ணீர்க் குவளை வியர்த்தது. பிறகு எங்கள் சத்தமே எங்களுக்கு வந்தது. தட்டுக்கோல்களின் டொக் டொக், லாரிக்காரனின் நாய், மீன்சாறு எங்கே என்ற அலறல். பிறகு சக்டாவின் குரல்.

"ஜிந்தா, நான் ஒண்ணு கேக்கணும். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். போன வருஷம் அந்த இளங்காய்... அது உன் காது பண்ண தப்பில்லை. தோப்புக்காரர் அவசரத்துக்கு வெட்டச் சொன்னாரு. நீ தட்டினா கழிச்சிருவ. நீ சாப்பிடப் போனப்ப உன் நார்க்கட்டை எடுத்து நான்தான் கட்டினேன். நீ தட்டவே இல்லை. ஒரு பழத்தையும் தட்டல."

நாங்கள் யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. போனில் ஒரு அறை விழுந்தது. சுத்தமான, முற்றின அறை. பிறகு ஒற்றைக் கோலின் சத்தம்: டொக். இன்னொன்று. இன்னொன்று. யாரோ பழம் பழமாகத் தட்டிக்கொண்டே போகிறார்கள், ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை. பிறகு ஜிந்தாவின் குரல், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல்: "கேக்குது... எனக்குக் கேக்குது." பிறகு மூச்சை ஆழமாக உள்ளே இழுக்கும் சத்தம், கன்னத்தருகே. கூட்டத்தின் கூச்சல். "சரி. கட்டிக்கிறேன். மோதிரத்தை இப்பப் போட முடியாது, பழம் பிடிக்கிற கையில கையுறை இருக்கு. இந்தக் காம்புல கட்டி வைக்கிறேன், வேலை முடிஞ்சு போட்டுக்கலாம்." அடுத்து, சியா ஹெங்கின் குரல், உரக்க: "வெட்டுடா ஒரு பழத்தை! நல்லதா எடு!" அதைக் கேட்டு மேசையருகில் நின்ற சியா ஹெங் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கதவு சாத்தும் ஓசையோடு மத்தியானம் முடிந்தது. குவாங்சோவில் மூட்டைக்காரர்கள் ஓவென்று கத்துவது கேட்டது. அங்கே ஆண்கள் பலர் பந்தயத்தில் தோற்றிருந்தார்கள்.

பவுடர்க் கட்சி துள்ளியது. "முடிஞ்சது" என்றார் சியா. "பேச்சு வார்த்தை ஆச்சு, சாட்சி நாப்பது பேரு, பழமும் வெட்டியாச்சு." ஜிந்தா அசையவில்லை. ஒரு வருடமாகப் பானையையும் கதவையும் தட்டிக்கொண்டிருந்தவள் அப்போதுதான் முதல் தடவையாக அந்தச் சேதியைக் கேட்டிருக்கிறாள். பெட்டிக்குள்ளிருந்த மற்றவள் அதைக் கேட்டு, கோபப்பட்டு, பழம் தட்டிப் பார்த்து, ஆறி, மன்னித்து எல்லாம் முடிந்து சீனாவில் இறங்கிவிட்டாள். இவளுக்கு இன்னும் கோபமே ஆரம்பிக்கவில்லை.

"சரின்னு சொன்னவ மத்தியானத்துக்காரி" என்றாள். "அவளுக்கு நான் ஜவாப்தாரி இல்லை."

பிறகு நடந்துபோய், கூடையில் உட்கார்ந்திருந்த சக்டாவை எழுந்து நிற்கச் சொல்லி, அதே இடது கன்னத்தில் ஒன்று வைத்தாள். "இது சாயங்காலத்து அறை. கப்பலேறாது. வெச்சுக்க." வண்டியில் ஏறிப் போய்விட்டாள். சக்டா கன்னத்தைத் தொட்டுக்கொண்டு நின்றான். எப்படி வலிக்கிறது என்று கேட்டதற்கு, நினைவோடு வலிக்கிறது என்றான்.

மறுநாள் காலை சும்போன் லாரி சந்தைத் திடலில் நின்றது. சாக்கு, கத்தி, பாய், சோற்றுப்பானை எல்லாம் ஏறிவிட்டன. சக்டா பின்பக்கம், தன் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தான். ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். வழியனுப்ப வந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள். ஜிந்தா வந்தாள். காலையிலேயே தட்டுக்கோல் இடுப்பில் செருகியிருந்தது. பவுடர் போட்டிருக்கவில்லை. அவள் சக்டாவைப் பார்க்கவேயில்லை. லாரியைச் சுற்றி வந்து மேஸ்திரியிடம், "அந்த மூட்டையை இறக்கு" என்றாள்.

"எந்த மூட்டை?"

"கன்னம் வீங்கின மூட்டை."

மேஸ்திரி சக்டாவைப் பார்த்தார். சக்டா மூட்டையைக் கீழே போட்டான். அவன் வாழ்க்கையில் அவன் கையிலிருந்து தரையில் விழுந்த முதல் சரக்கு அதுதான் என்று சாக்குக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஏன் என்று ஜிந்தாவிடம் பலர் கேட்டுப் பார்த்தோம். இரவெல்லாம் கோபமாக இருந்து பார்த்ததாகவும், விடியும்போது வீட்டுக் கதவைத் தட்டியபோது அது கதவு மாதிரியே ஒலித்ததாகவும் சொன்னாள். இதற்கு மேல் விளக்கம் கிடைக்கவில்லை. எங்களுக்கு இப்போதும் சரியாகப் புரியவில்லை. புரிந்துவிட்டதாகச் சொல்லும் சமையல்காரியையும் யாரும் நம்புவதில்லை.

மோதிரத்தை வெய் கண்டெடுத்தாள். நீல நாரில் கட்டியபடியே அதைத் திரும்பி வரும் காலிக் கண்டெய்னர் ஒன்றில் ஒட்டி அனுப்பினாள். அங்கே கண்டெய்னரைத் திறந்து கழுவும்போது இயந்திரத்தை அணைக்க மறந்திருக்கிறார்கள். கொட்டகையில் திறந்தபோது மோதிரத்தோடு குவாங்சோவின் விடியற்காலை ஒன்று, மழைவாசனையும் தள்ளுவண்டிச் சத்தமுமாக, வெளியே வந்தது. எங்கள் கல்யாணங்கள் காலையில்தான் நடக்கும், அதனால் அன்றைக்கே முடித்துவிட்டோம். அன்று ஊரில் இரண்டு முறை விடிந்ததால் பிக்குகள் இரண்டு முறை உண்ண நேர்ந்தது. ஆட்சேபணை எதுவும் எழவில்லை. மிச்சப் பழத்தோடு லாரிகள் வருவதற்குள் தாலாட்டு மாதிரி ஓதல் முடிந்து, கையில் நூல் கட்டி, சோறும் போட்டாகிவிட்டது. அறைக் கட்சியும் பவுடர்க் கட்சியும் ஒரே பந்தியில் உட்கார்ந்தன. அதன் பிறகு நடந்தது யாருக்கும் நினைவில்லை.

இப்போது ஜிந்தாவும் சக்டாவும் ஊர்க்கோடியில் இருக்கிறார்கள். யாரும் அவளை இளங்காய் என்று கூப்பிடுவதில்லை. காலையில் அவன் தோப்புக்குப் போகிறான், அவள் தட்டப் போகிறாள். சாயங்காலம் இருவரும் ஒரு வார்த்தை கோபமில்லாமல் சோறு தின்கிறார்கள். இறால் விழுதை அவன் இப்போது தானே தின்கிறான், ஒரு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. இப்படி ஒற்றுமையான ஜோடியைப் பார்த்ததில்லை என்று ஊர் பேசுகிறது. வெய் சொல்வது வேறு. ஒவ்வொரு பெட்டியிலும் மத்தியானம் முழுக்க இருவரும் சண்டை போடுகிறார்களாம்: சும்போன்காரியைப் பற்றி, நாயைப் பற்றி, நாரைப் பற்றி, யார் முதலில் சரி என்றது என்பதைப் பற்றி. சில பெட்டிகளில் சமாதானமும் ஆகிறார்களாம். அப்போது மூட்டைக்காரர்கள் வெளியே போய் நின்றுகொள்கிறார்கள். லியாங்கின் சந்தையில் எங்கள் பேச்சு தெரிந்தவர்கள் முப்பது பேர் ஆகிவிட்டார்கள், முக்கால்வாசி வசவு. இந்த வருடம் மோந்தோங் வகை டுரியானின் விலை சற்று இறங்கியிருக்கிறது. மத்தியானங்களின் வரத்துக்குக் குறைவில்லை.